இருபத்து மூன்று நாள்

பெங்களூரு
12.01.2025

அன்புள்ள கலையரசிக்கு,

பிரியா எழுதுகிறேன். விழுப்புரம் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் உன் அறையில் இருந்த சகாய பிரியா. என் நம்பரை நீ பிளாக் செய்திருக்கிறாய். நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கடிதம். உன் திண்டிவனம் விலாசத்தை விழுப்புரத்தில் அம்மா விசாரித்துச் சொன்னாள்.

டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் அப்பா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாமே. அப்பா நன்றாக இருக்கிறாரா? இப்பவும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாரா?

நான் இங்கே போர் விமானத் திட்டத்தில், சக்கரங்களைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். நம் நாட்டிலேயே வரைந்து, நம் நாட்டிலேயே செய்து, நாமே ஓட்டிப் பார்க்கிற விமானம். பறப்பதற்கு முன்னால் ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்ப்போம். அதில் ஒரு சின்னச் சிக்கல். அதிகம் எழுதக் கூடாது.

கேட்க வந்தது இதுதான். கடைசி வருஷ புராஜெக்டுக்காக நீ ஒரு நீள நோட்டு வைத்திருந்தாய். ஷேர் ஆட்டோவின் முன் சக்கரம் ஏன் ஆடுகிறது என்று தினமும் அளந்து எழுதிய நோட்டு. இருந்தால் ஸ்கேன் பண்ணி அனுப்புவாயா? ஒரு ஆர்வத்துக்காகத்தான்.

உன்
பிரியா


திண்டிவனம்
20.01.2025

சகாய பிரியா மேடம் அவர்களுக்கு,

கடிதம் கெடச்சுது. போஸ்ட்மேன் என் மாமியார் கையில குடுத்துட்டாரு. "பெங்களூருலேர்ந்து உனக்கு யாரு?"ன்னு ரெண்டு நாளா கேட்டுக்கினே இருந்தாங்க.

ஆர்வத்துக்காகன்னு எழுதியிருக்கீங்க. ஏழு வருஷமா எங்க போயிருந்துச்சு அந்த ஆர்வம்?

நான் பாடம் எடுக்கற பாலிடெக்னிக்ல, என் வகுப்புக்குப் போற வழியில ஆளுயர பேனர் ஒண்ணு மாட்டியிருக்காங்க. நீங்க விமானத்துக்கு முன்னாடி கையைக் கட்டிக்கினு நிக்கறீங்க. கீழ "நம் மாவட்டத்தின் பெருமை"ன்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு எட்டு தடவை அதைத் தாண்டிப் போறேன். பசங்க கேக்கறாங்க, "மேடம், இவங்க உங்க செட்டாமே, நீங்க ஏன் மேடம் போகல?" நான் போர்டுப் பக்கம் திரும்பி டயகிராம் போட ஆரம்பிச்சிருவேன்.

எனக்குப் பொறாமைதான். மறைக்கல. அந்தப் போட்டோவுல உன் கழுத்துல தொங்கற அடையாள அட்டைக் கயிறு மேல கூட எனக்குப் பொறாமை.

பாரு, மேடம்னு ஆரம்பிச்சு நீன்னு வந்துட்டேன். இனிமே நீதான்.

2017 ஆகஸ்ட்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பெங்களூரு இன்டர்வியூவுக்கு ரயிலேறினோம். வெளிய பெஞ்சுல உக்காந்துக்கினு "எனக்கு எதுவுமே ஞாபகம் வரல கலை, உள்ள போய் என்ன பேசறது?"ன்னு அழுத. நான்தான் சொன்னேன், "ஆட்டோ புராஜெக்டைச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் பண்ணோம்னு சொல்லு." உனக்கு அப்புறம் நான் உள்ள போயி அதையே சொன்னேன். கேள்வி கேக்க உக்காந்திருந்த அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. ஒருத்தரு கேட்டாரு, "ஏம்மா, இப்பதான் ஒரு பொண்ணு இது நான் பண்ணதுன்னு சொல்லிட்டுப் போச்சு. அவங்க அப்பாவோட ஆட்டோவாமே. நீ அது கிட்டேர்ந்து காப்பியடிச்சியா?"

உங்க அப்பா விழுப்புரம் ஜங்ஷன்ல டிக்கெட் குடுக்கறவரு. ஆட்டோ ஓட்டினது எங்க அப்பா. நீ என் நோட்டுல இருந்ததை மட்டும் எடுத்துக்கல.

நோட்டு வெள்ளத்துல போயிடுச்சு. இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்.

மா. கலையரசி


பெங்களூரு
29.01.2025

கலை,

ஆமாம். "நான்" என்றுதான் சொன்னேன். என் அப்பா ஆட்டோ என்றும் சொன்னேன். "சுவாரஸ்யமா இருக்கே, உனக்கு எப்படி இது தோணுச்சு?" என்று ஒருத்தர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உன் பதில்தான் இருந்தது. அதைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்து உன்னிடம் சொல்வதற்குள் நீ உள்ளே போய்விட்டாய். அப்புறம் வேலை கிடைத்தது. அப்புறம் சொல்ல முடியவில்லை.

இப்போது மன்னிப்புக் கேட்டால் காரியத்துக்காகக் கேட்கிறேன் என்பாய். அதனால் கேட்காமல் சிக்கலை மட்டும் எழுதுகிறேன். இதை எழுதுவதே தப்பு. படித்துவிட்டுக் கிழித்துவிடு.

விமானத்தின் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் உண்டு. ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் அது இடமும் வலமுமாக உதறத் தொடங்குகிறது. உதறலை அடக்க எண்ணெய் நிரப்பிய டாம்பர் இருக்கிறது. மூன்று தடவை மாற்றிவிட்டோம். புதிதாக மாட்டினால் இரண்டு மூன்று ஓட்டம் சாதுவாகப் போகும். நாலாவதில் மறுபடி உதறும். பாண்டுரங்கன் சார்தான் எங்கள் சோதனை விமானி. போன தடவை இறங்கி வந்து, "பிரியா, பல்லு தட்டுதும்மா, டயலைப் படிக்க முடியல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தக் காலின் மூட்டில் உட்காரும் வளையம், புஷ் என்போமே, முன்பு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் தர முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். நாங்களே செய்தோம். எந்த உலோகம் என்று தேர்ந்தெடுத்தவள் நான். என் பெயரில் விமானத்தில் ஏறிய முதல் பாகம். சோதனைக்கூடத்தில் ஒரு குறையும் இல்லாமல் தேறியது. அதனால் அது காரணமாக இருக்காது.

ஏப்ரலுக்குள் விமானம் பறக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்குகிறார்கள். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

பிரியா


திண்டிவனம்
05.02.2025

பிரியா,

பதில் எழுதக் கூடாதுன்னே நாலு நாள் இருந்தேன். நீ திணறுறன்னு தெரிஞ்சதும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. அன்னிக்கு ரெண்டு தட்டு சோறு சாப்ட்டேன்.

ஆனா அந்த மனுஷன் பல்லு தட்டுதுன்னு சிரிச்சுக்கினே சொன்னாருன்னு எழுதினியே, அதான் பேஜாராப் போச்சு. முன் சக்கரம் ஆடறப்போ எங்க அப்பாவும் அப்படித்தான் சிரிப்பாரு. பின்னாடி எட்டு பேரு உக்காந்துக்கினு இருப்பாங்க.

கேளு. டாம்பரை மாத்தறப்போ கூடவே அந்த புஷ்ஷையும் கழட்டிட்டுப் புதுசு போடுவீங்கதானே? அப்போ சரியானது டாம்பராலயா புஷ்ஷாலயா? யாராவது தனித்தனியா பாத்தீங்களா?

எங்க அப்பா ஆட்டோவுல மெக்கானிக்கு, வண்டி தரையில நிக்கறப்பவே ஹேண்டிலை ஆட்டிப் பாத்துட்டு நல்லா இருக்குன்னுடுவாரு. வண்டியோட கனமே லூசை அமுக்கி மறைச்சிரும். நான் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால திருப்பினேன். டக்குனு ஒரு சின்ன சத்தம். முடி அகலம்தான் லூசு. அந்த முடி அகலத்துக்குள்ள சக்கரம் ஆடறது டாம்பருக்குத் தெரியவே தெரியாது. தெரியறதுக்குள்ள ஆட்டம் பெருசாயிரும்.

உன் புஷ் தேயுது. சோதனைக்கூடத்துல தேயாது. அங்க தூசி இல்ல. நாலாவது ஓட்டம் முடிஞ்ச கையோட மூக்கைத் தூக்கி நிறுத்திட்டுச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்க. பாக்காம வேகத்தைக் கூட்டாதீங்க.

இதை ஜல்தியா உங்க பெரியவங்க கிட்ட சொல்லு. சொல்றப்போ யாரு சொன்னதுன்னும் சொல்லணும். கலையரசி, விழுப்புரம் ஷேர் ஆட்டோ மாரியப்பன் மகள். இந்த ஒரு தடவையாவது.

கலையரசி


பெங்களூரு
18.02.2025

அன்புள்ள கலை,

கடிதம் கிடைத்தது. மிகவும் நன்றி. போன வாரம் முழுக்க விமானக் கண்காட்சி. மந்திரிகள், வெளிநாட்டுக்காரர்கள் என்று ஒரே கூட்டம். மூச்சுவிட நேரமில்லை. எங்கள் பிரிவின் சார்பாக என்னைத்தான் பேசச் சொன்னார்கள்.

நீ சொன்னதைக் கவனத்தில் வைத்திருக்கிறேன். இங்கே எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்ய முடியாது. புஷ்ஷின் தேய்மானத்தை இருபது ஓட்டத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது விதி. டயரில் காற்றின் அளவை மாற்றிப் பார்க்கிறேன். அதிலேயே சரியாகிவிடும் போலிருக்கிறது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

பிரியா


திண்டிவனம்
05.03.2025

பிரியா,

நேத்து பேப்பர்ல பாத்தேன். சோதனை விமானம் ஓடுபாதைய விட்டு விலகிடுச்சு, விமானிக்குக் காயம்னு நாலு வரி. காரணம் போடல. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் டீ குடிச்சுக்கினு இருந்தாங்க, நான் போனை எடுத்துக்கினு வெளிய வந்துட்டேன்.

உன் நம்பரை பிளாக்குலேர்ந்து எடுத்துட்டு ஆறு தடவை கூப்ட்டேன். ஸ்விட்ச் ஆஃப்னு வருது.

மூக்கைத் தூக்கிப் பாத்தியா, இல்லியா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தை எழுது. வேற எதுவும் வேணாம்.

அந்த பாண்டுரங்கன் எப்படி இருக்காரு?

கலை


விழுப்புரம்
16.03.2025

கலை,

இல்லை. பார்க்கவில்லை.

அம்மா வீட்டில் இருக்கிறேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். போனையும் வாங்கிக்கொண்டார்கள். இங்கிருந்து திண்டிவனத்துக்கு ஒரு மணி நேர பஸ். நேரில் வந்து சொல்லத் துணிவில்லை.

உன் கடிதம் பிப்ரவரி எட்டாம் தேதி வந்தது. படித்து முடித்ததுமே நீ சொன்னதுதான் சரி என்று தெரிந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. விமானத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், திண்டிவனத்தில் உட்கார்ந்து ஒரு கடிதத்தைப் படித்து நீ கண்டுபிடித்ததை, ஏழு வருஷமாக அதன் பக்கத்திலேயே நின்ற நான் கண்டுபிடிக்கவில்லை. கோளாறும் என் புஷ்ஷில். அதை உன் பெயரோடு போய்ச் சொல்ல வேண்டும். உள்ளே போனவள் நான், வந்திருக்க வேண்டியவள் நீ என்று எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பொறாமை உனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஹாஸ்டலில் நீ ஒரு தடவை படித்துவிட்டு மூடி வைப்பாய். நான் நாலு தடவை படிப்பேன். மார்க் ஒன்றாகவே வரும். என் பொறாமைக்கு உன்னுடையதைவிட வயது அதிகம் கலை.

வேறு காரணம் தேடினேன். டயர் காற்று, சக்கரத்தின் சமன் என்று ஒவ்வொன்றாக. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் இந்தப் பதிலை நானே கண்டுபிடித்ததாகக் காட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

மார்ச் மூன்றாம் தேதி காலை பத்தரை மணி. விமானம் ஓடும்போது அதன் அளவுகள் எல்லாம் கோடுகளாகத் தெரியும் அறையில் நான் இருந்தேன். முன் சக்கரத்தின் கோடு நடுங்கத் தொடங்கியது. "நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன். யாரோ வானொலியில் சொன்னார்கள். கோடு திரையை விட்டே எகிறி, பிறகு நேராகிவிட்டது. அடங்கிவிட்டது என்று ஒரு நொடி நம்பினேன். கால் முறிந்து அளவுக் கருவி அறுந்துவிட்டிருந்தது.

பாண்டுரங்கன் சாருக்கு முதுகெலும்பில் விரிசல். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"எத்தனை நாள் வெச்சிருந்தீங்க?" என்றார்.

"இருபத்து மூணு நாள் சார்."

"அதுக்குள்ள நான் நாலு தடவை ஓட்டியிருக்கேன்மா."

அவ்வளவுதான் பேசினார். திட்டியிருக்கலாம்.

அங்கிருந்து நேராக எங்கள் பிரிவுத் தலைவர் தேவசகாயம் சாரிடம் போய் உன் கடிதத்தைக் கொடுத்தேன். இன்டர்வியூவில் நடந்ததையும் சொன்னேன். உடைந்த காலிலிருந்து புஷ்ஷைக் கழற்றி அளந்தார்கள். நீ எழுதியிருந்தது அப்படியே இருந்தது. "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார். கலையரசி, விழுப்புரம் ஷேர் ஆட்டோ மாரியப்பன் மகள் என்றேன்.

பிரியா


திண்டிவனம்
24.03.2025

பிரியா,

உன் கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாளும் அதையேதான் நெனச்சுக்கினு இருந்தேன். என் பேரைச் சொல்லுன்னு கேட்டது தப்போன்னு யோசிச்சேன். அதைக் கேக்காம இருந்திருந்தா மறுநாளே போய் சொல்லியிருப்பியோ என்னவோ. அப்புறம் எனக்கே கோவம் வந்துச்சு. நீ பண்ணதுக்கு நான் ஏன் தப்பு தேடறேன்?

ஒரு மனுஷனோட முதுகெலும்பு. நான் உன் மேல பொறாமைப்பட்டு என்ன பண்ணேன்? பேனரைத் தாண்டறப்போ மூஞ்சியத் திருப்பிக்கினேன், நம்பரை பிளாக் பண்ணேன். கேட்டதும் கையில இருந்ததைத் தூக்கிக் குடுத்தேன். நீ மேல இருந்துக்கினு கீழ இருக்கறவளைப் பாத்துப் பொறாமைப்பட்டுருக்க. இது என்ன பொறாமைடி?

இன்னொண்ணு சொல்றேன், கேவலமா இருந்தாலும் இருக்கட்டும். நீ ஆஸ்பத்திரிக்குப் போயி உண்மையச் சொன்னன்னு படிச்சப்போ அதுக்கும் எனக்குப் பொறாமை வந்துச்சு. புராஜெக்டுக்கும் நீயே பேர் வாங்கின. இப்போ நேர்மைக்கும் நீயே பேர் வாங்கிட்ட. எனக்குன்னு ஒண்ணையும் விட்டு வைக்க மாட்டியா?

போன புதன்கிழமை போலீஸ்காரர் வந்துட்டாரு. மாமியார் நடுங்கிப் போய்ட்டாங்க. "பயப்படாதீங்கம்மா, பெங்களூருலேர்ந்து விசாரிக்கச் சொல்லியிருக்காங்க, நல்லதுக்குத்தான்"னாரு. உனக்கும் எனக்கும் என்ன பழக்கம், நீ எனக்கு வேற ஏதாவது எழுதினியான்னு கேட்டாரு. உன் கடிதங்களைக் கேட்டாரு. கிழிச்சிருன்னு சொன்னியே, கிழிக்கல. குடுத்துட்டேன். உனக்கு அதனால கெட்டதுன்னா கெட்டதுதான்.

மறுநாள் தேவசகாயம் சார் போன் பண்ணாரு. பெரிய மனுஷங்க பேச்சு எப்படி இருக்கும்னு பயந்தேன். "ஜாக்கி போட்டுத் தூக்கினப்போ சத்தம் எந்தப் பக்கம்மா கேட்டுச்சு?"ன்னுதான் முதல் கேள்வி. முக்கால் மணி நேரம் பேசினோம். ஏழு வருஷத்துல என்னை யாரும் இந்த மாதிரி கேள்வி கேட்டதில்ல. வெச்சதும் அழுதேன்.

அவங்க வரச் சொன்னா போவேன். உன் கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும்னு தோணுச்சு, அவ்ளோதான்.

கலை


திண்டிவனம்
06.07.2025

பிரியா,

மூணு மாசமா நீயும் எழுதல, நானும் எழுதல. விசாரணை நடந்துக்கினு இருக்கப்போ எழுதக் கூடாதுன்னு எனக்கும் சொன்னாங்க.

போன வியாழக்கிழமை பெங்களூருல இருந்தேன். புது புஷ், வேற உலோகம். தூசி உள்ள போகாம அதுக்கு ஒரு மூடி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் மூக்கைத் தூக்கிச் சக்கரத்தைத் திருப்பிப் பாக்கறதுன்னு விதியையே மாத்திட்டாங்க. ரெண்டாவது விமானத்துல ஒன்பது ஓட்டம் முடிஞ்சிருந்துச்சு. பத்தாவதைப் பாக்கறதுக்கு என்னை வரச் சொன்னாங்க.

நீ உக்காந்த அறையில, நீ உக்காந்த நாற்காலியில உக்கார வெச்சாங்க. யாரும் சொல்லல. கைப்பிடியில பேனாவால சிலுவை போட்டிருந்துச்சு, பரீட்சை ஹால்ல போடுவியே அதே மாதிரி. அதான் தெரிஞ்சுக்கினேன்.

பாண்டுரங்கன் சார் இடுப்புல பட்டை கட்டிக்கினு வந்தாரு. ஓட்டினது வேற விமானி, இவரு வானொலியில பேசிக்கினு இருந்தாரு. இனிமே போர் விமானம் ஓட்ட விட மாட்டாங்களாம். என்னைப் பாத்து, "நீங்கதானா மாரியப்பன் மகள்?"னாரு. "அப்பா இப்பவும் ஆட்டோ ஓட்டறாரா?"ன்னு கேட்டாரு. "ஓட்டறாருங்க"ன்னேன். "அதிர்ஷ்டக்காரரு"ன்னாரு. சிரிக்கல.

விமானம் ஓடுச்சு. அந்த வேகத்தைத் தொட்டுச்சு, தாண்டுச்சு. கோடு ஆடவே இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க. என் கண்ணு ரூம் பூரா உன்னைத்தான் தேடிச்சு. நீ இல்லன்னதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த நிமிஷம் அந்த சந்தோஷத்தை வெச்சுக்கினு என்ன பண்றதுன்னு தெரியல. அங்க இருந்த யாருக்கும் அந்தக் கோடு எனக்கு என்னன்னு தெரியாது. தெரிஞ்ச ஒருத்தி நீதான்.

ஒரு வருஷ ஒப்பந்த வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. உன் பிரிவு. உன் இடம். வீட்டுக்காரரு போய்ட்டு வான்னு சொல்லிட்டாரு. மாமியார் இன்னும் வாயைத் தொறக்கல. ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி சேர்றேன்.

உன் இடம்னு தெரிஞ்சுக்கினேதான் போறேன். அதுக்காக வருத்தப்பட மாட்டேன். மன்னிச்சுட்டேன்னு எழுதலாம்னு பாத்தேன், பேனா வரல. வந்தா எழுதறேன்.

இப்போ உன் முறை. நல்லா பொறாமைப்படு. நான் ஏழு வருஷம் பட்டேன், செத்தா போயிட்டேன்?

கலை


விழுப்புரம்
12.07.2025

கலை,

பொறாமையாகத்தான் இருக்கிறது. பத்தாவது ஓட்டம் என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

எனக்கும் ஆர்டர் வந்துவிட்டது. வேலை போகவில்லை. வேறு ஊரில், உதிரிபாகக் கிடங்கில். ஐந்து வருஷத்துக்கு எந்தச் சோதனையிலும் சேர முடியாது. இரும்பைக் கையால் தொடலாம், ஓடுவதைப் பார்க்க முடியாது. நீ கொடுத்த கடிதங்களால் கூடுதலாக எதுவும் ஆகவில்லை. அதையெல்லாம் விசாரணையில் நானே முன்பே சொல்லியிருந்தேன்.

பாண்டுரங்கன் சாருக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராது. அதோடு இருக்கப் பழக வேண்டும்.

இன்று காலையில் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த அறையில் வலது கோடியில் இருக்கிற திரையில் முன் சக்கரத்தின் கோடு அரை வினாடி தாமதமாக வரும். நான் போன வருஷமே எழுதிக் கொடுத்தேன். சரி செய்தார்களா தெரியாது. உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நிறுத்தச் சொல்வதற்கு அந்தத் திரையை நம்பிக் காத்திருக்காதே, அதற்குள் நேரம் போய்விடும். நடுத் திரையை மட்டும் பார். சேர்ந்த முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்.

மணி பத்தேகால். ஜங்ஷன் பக்கத்துத் தபால் ஆபீஸ் திறந்திருக்கும். நேராகப் போய் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

பிரியா